வெண்ணந்தூருக்கு வந்த டயாலிசிஸ் மெஷின்

பகல் 11.40-க்குச் சேலத்தில் வெண்ணந்தூர் பஸ் ஏறினேன். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். ஜன்னலோரம் கிடைத்த குஷியில், பஸ் முழுக்கக் கேட்கும்படி போனில் கத்தினேன். "பூபதி, டயாலிசிஸ் மெஷின் ஓடுதில்ல? மதியச் சாப்பாட்டுக்குள்ள வந்துடறேன்."

முழுப்பெயர் எலக்ட்ரோடயாலிசிஸ். உப்புத் தண்ணீரை மின்சாரத்தால் நல்ல தண்ணீராக்கும் கருவி. பெயர் நீளம் என்று முன்பாதியை விழுங்கிவிடுவது எங்களைப் போன்ற தண்ணீர் சுத்திகரிக்கும் ஆட்களின் பழக்கம்.

முன் இருக்கைப் பெண் திரும்பினார். "ஏனுங்க சாமி, வெண்ணந்தூருக்கே டயாலிசிஸ் மெசின் வந்துருச்சுங்களா?"

"போன மாசமே வந்தாச்சுங்க," என்றேன் பெருமையாக. அவர் பக்கத்தில் தூங்கிய கணவரை எழுப்பி ஏதோ சொன்னார். நான் வேடிக்கை பார்க்கத் திரும்பிவிட்டேன்.

12.50. இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. இருபுறமும் விசைத்தறிச் சத்தம். அவ்விருவரும் என் பின்னாலேயே வந்தார்கள். அதே தெருக்காரர்கள் போலும் என்று நினைத்தேன்.

நான் போன இடம், தறிக்காரர்கள் சேர்ந்து போட்ட தண்ணீர்க் கொட்டகை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி தொள்ளாயிரம் அடி இறக்கிய போர் கிணறு. வந்தது வாயில் வைக்க முடியாத உப்பு. கருவியை ஓட்டும் பூபதி மூடியைக் கழற்றிக் காட்டினார். இரண்டு மின் தகடுகள். நடுவே அப்பளக் கட்டுப் போல மெல்லிய சவ்வுகள். தண்ணீரில் கரைந்த உப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும்: ஒரு பாதி எதிர்மின் தகட்டுக்கும், மறுபாதி நேர்மின் தகட்டுக்கும் இழுபடும். ஒரு சவ்வு ஒரு பாதியை மட்டும் விடும், அடுத்தது மற்றதை மட்டும். அதனால் ஓர் இடைவெளியில் உப்பு குறைகிறது, பக்கத்து இடைவெளியில் சேர்கிறது. சவ்வில் படியும் சுண்ணாம்பு கழல, அரைமணிக்கொரு தரம் மின்சாரத்தைத் திசை மாற்றுவார்கள். கிருமி இந்த இழுப்புக்கு அசையாது. அதைக் கொல்லத் தனியாக ஒரு புற ஊதா விளக்கு.

வாசலில் நின்ற அந்தப் பெண் கேட்டார். "படுக்கற கட்டில் எங்கீங்க?"

அப்போதுதான் அவர் கணவரின் கையில் பஞ்சும் பிளாஸ்திரியும் கண்ணில் பட்டன. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் என்று நம்பி வந்திருக்கிறார்கள்.

"வாரத்துக்கு ரெண்டு நாள் சேலம் போறமுங்க," என்ற அந்தப் பெண் ஆஸ்பத்திரியின் பெயரையும் சொன்னார். "அந்த ரெண்டு நாளும் என் தறி நிக்குது. இனியொருக்கா நின்னா வேற ஆள் போட்டுக்கறேன்னுட்டாரு ஓனரு."

"அம்மா, இது தண்ணிக்கான மெஷினுங்க. மனுசருக்கு இல்லீங்க."

"இதும் உப்பத்தானுங்களே எடுக்குது?"

"ஆமாங்க. தண்ணியில இருக்கறத மட்டும்."

பூபதி ஒரு டம்ளர் தண்ணீரைக் கணவரிடம் நீட்டினார். அந்தப் பெண் அதை வாங்கி, முக்கால்வாசியைத் தான் குடித்துவிட்டு மீதியைக் கொடுத்தார். "அவருக்கு அளவு இருக்குதுங்க." கணவர் அந்த ஒரு வாயை மெதுவாகக் குடித்தார். "இனிக்குது," என்றார்.

2.15. அவர்கள் ஊர் இன்னும் தள்ளி இருந்தது; பஸ் நிறுத்தத்தில் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க சாமி," என்றார் அந்தப் பெண். "பஸ்ஸ உட்டு எறங்குனதுல இருந்து அங்க வரைக்கும், இனி சேலம் போக வேண்டாம்னு நெனச்சுட்டே நடந்தமில்லீங்களா."

அவர் சொன்ன ஆஸ்பத்திரி சேலத்தில் என் தெருமுனையில்தான் இருக்கிறது. அதன் வாசலில் எப்போதும் கூட்டம், வண்டி திருப்ப வழியில்லை என்று தினமும் அலுத்துக்கொள்கிறவன் நான்.