ஹீட்டரில் சூடு வரவில்லை

எங்கள் தெருவில் 'தண்ணி மாஸ்டர்' எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட அந்த ஷெட்டைக் காட்டும். புதிதாக வருகிறவர்கள் பேரைக் கேட்டு ஒரு மாதிரி முழிப்பார்கள். மனிதர் ஒரு சொட்டு குடிக்கமாட்டார். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ் என்று இன்ஜினில் தண்ணீர் ஓடும் இடம் எதுவானாலும் அவர் கை பட்டால் சரியாகிவிடும். அதில் ஒட்டிக்கொண்ட பேர். எனக்கு அவர் அத்தான். என் அக்காவைக் கட்டியவர். ஷெட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன் நான்.

அக்கா செத்தபோது அவர் அழவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். போனவர்களை வாசல்வரை வழியனுப்பினார். பிறகு ஒருநாள் காலையில் ஷெட்டைத் திறந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "சாப்பிட்டீங்களா அத்தான்?" என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாப்பிட்டேன்னுதான் நெனைக்கிறேன்" என்பார். வாங்கிக் கொடுத்த டீ ஸ்டூல் மேலேயே ஆறிக் கிடக்கும். மனுஷன் மரத்துப் போயிருக்கிறார் என்று எனக்கு விளங்க நாளாயிற்று. அவர் மகளுக்கு விளங்கவே இல்லை.

அவள் வெளியூரில் வேலை பார்க்கிறவள். அம்மாவின் சாமான்களை ஒழுங்கு பண்ணிவிட்டு, வீட்டுக் காரைத் தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டு போக வந்திருந்தாள். ஒருநாள் என் கடை கவுன்டரில் வந்து நின்றாள்.

"மாமா, வீட்ல அம்மான்னு ஒருத்தி இருந்தாளா இல்லையான்னே அவருக்குத் தெரியலை. நான் வண்டியை எடுத்துட்டுக் கிளம்பறேன். இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"வாயை மூடு. அப்பனைப் பத்திப் பேசற பேச்சா இது?" என்று அதட்டினேன். ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான். அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் அத்தானும் நாலு சுவரும்தான்.

கிளம்புவதற்கு முன்னால் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். டெம்பரேச்சர் முள் மேலே ஏறவே இல்லை. ஹீட்டரில் சூடு வரவில்லை. எங்கள் மலையூரில் நல்ல குளிர் காலம். அப்பாவிடம் நேராகப் பேசாமல், "மாமா, அவர்கிட்ட சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பையைக் கட்டப் போய்விட்டாள்.

அத்தான் ஆறியிருந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் கை வைத்தார். தெர்மோஸ்டாட்டை எங்கள் ஆட்கள் வால்வு என்றுதான் சொல்வார்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு தண்ணீரை உள்ளேயே சுற்றவிடும். சூடேறினால் திறந்து ரேடியேட்டருக்கு அனுப்பும். வால்வு நன்றாக இருந்தால் அந்த ஹோஸ் கொஞ்ச நேரம் சில்லென்றே கிடக்கும், பிறகு திடீரென்று சுடும். இதுவோ ஆரம்பத்திலிருந்தே வெதுவெதுவென்று ஆகிக்கொண்டு வந்தது.

"மூடலை மச்சான். தெறந்தே கெடக்கு. புதுசு ஒண்ணு எடுத்துட்டு வா, கேஸ்கெட்டும் சேர்த்து."

நான் எடுத்து வருவதற்குள் இன்ஜினை ஆறவிட்டு, தண்ணீரை வடித்து, வால்வு உட்காரும் இடத்து மூடியைக் கழற்றியிருந்தார். குனிந்தபடியே நின்றார். எட்டிப் பார்த்தேன். வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

எங்கள் தொழிலில் இது ஒரு குறுக்கு வழி. வெயில் காலத்தில் வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டு இன்ஜின் கொதித்தால், வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியை அனுப்பிவிடுவார்கள். வண்டி பாட்டுக்கு ஓடும். புதுசை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். அந்த அப்புறம் வரவே வராது.

"எந்த மடப்பய பார்த்த வேலை இது? கழட்டினவன் திரும்ப மாட்ட வேணாமா?" என்று கத்தினேன்.

"நான்தான்" என்றார்.

போன வெயிலில், ரோட்டோரத்தில், புகை கிளம்பி நின்ற வண்டியில் அவரே கழற்றியது. குளிர் வருவதற்குள் மாட்டிவிடலாம் என்று நினைத்தாராம். ஊரார் வண்டிக்கெல்லாம் மாட்டினார். குளிர் வந்தபோது அக்கா படுத்துவிட்டாள். இரத்தம் ஊறாத வியாதி. ஆஸ்பத்திரிக்கு அலைந்ததெல்லாம் இந்தக் காரில்தான். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருப்பாள். "ஹீட்டரைப் போடுங்களேன்" என்பாள். போட்டுத்தான் இருக்கும். உடம்பில் இரத்தம் கம்மி, குளிரத்தான் செய்யும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம்.

அத்தான் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார். கடையிலிருந்து வந்த புதுசையும் சோதிக்காமல் மாட்டமாட்டார். வால்வைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரைப் பிடித்தார். வால்வின் மேல் பொறித்திருந்த டிகிரியைத் தண்ணீரின் சூடு தொட்டதும் அது மெல்லத் திறந்தது. வெளியே எடுத்தார், மூடியது. மறுபடி முக்கினார், திறந்தது. மறுபடி எடுத்தார்.

"நல்லாத்தானே இருக்கு அத்தான், போதும்."

மறுபடி முக்கினார். வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

ஸ்பிரிங் இன்ஜின் பக்கம் பார்க்க வால்வை உட்காரவைத்து, புதுக் கேஸ்கெட் போட்டு மூடினார். கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழ் அடங்கும்வரை இன்ஜினை ஓடவிட்டார். ஹோஸ் சில்லென்று கிடந்து, பிறகு சட்டென்று சுட்டது. மற்ற நாளாக இருந்தால் என்னைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார்.

மகள் பையோடு வந்தாள். "ஆச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆச்சு. உட்காரு" என்றார் அத்தான்.

அவள் ஸ்டியரிங் பக்கம் உட்கார, அவர் அக்கா உட்காரும் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஹீட்டரை முழுசாகத் திருப்பினார். சுடச்சுடக் காற்று வந்தது.

"வருதே. என்னதான் கோளாறு?"

வால்வு பழசாயிடுச்சு என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. ஊரில் எந்த மெக்கானிக்கும் அப்படித்தான் சொல்வான். அப்படியே சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கும்பிட்டேன். உண்மையைச் சொன்னால் அவள் போகிற போக்கில் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

"வால்வே இல்ல. போன வெயில்ல நான் கழட்டினேன், திரும்பப் போடலை" என்றார், ரிப்பேருக்கு வண்டி கொடுத்தவனிடம் சொல்லும் அதே குரலில். "உங்கம்மா குளிருதுன்னு சொன்னது வியாதி இல்லம்மா. இதுதான்."

அவள் காற்று வரும் துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து இறங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் அம்மாவைத் திட்டினேன்பா" என்றாள். "லீவுல வந்தப்போ ஆஸ்பத்திரிக்கு நான்தானே ஓட்டிட்டுப் போனேன். எப்பப் பாரு குளிருது குளிருதுன்னு ஏம்மா உயிரை வாங்கறேன்னு கேட்டேன். சரிடி, இனிமே சொல்லலைன்னுட்டா. அப்புறம் சொல்லவே இல்ல."

அத்தான் அவள் பக்கம் திரும்பினார். அக்கா செத்ததிலிருந்து இதுவரை அவர் யாரையும் அப்படி நேராகப் பார்த்து நான் பார்க்கவில்லை.

"என்கிட்டயும் சொல்றதை நிறுத்திட்டா" என்றார். "நான் உடம்பு தேவலை ஆயிட்டு வருதுன்னு நெனச்சேன்."

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, பையை உள்ளே வச்சிடுங்க. இன்னிக்குப் போகலை" என்றாள்.

சரி என்றேன். ஆனால் நான் இறங்கவில்லை. மூன்று பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. ஹீட்டரை யாரும் அணைக்கவில்லை.