வாசலில் விட்ட செருப்பு

அக்கா வெறுங்காலோடு கடையின் பின்பக்கமாக வந்து தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் குலை நடுங்குகிறது. கணுக்கால்வரை செம்மண் சேறு. கால் மிதித்துக்கொண்டிருக்கிறது, ஊசிக்கடியில் துணியே இல்லை. என் செருப்பு எங்கே என்று கேட்டேன். "கேக்காத" என்றார்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் போட்டிருந்த நேரம் அது. மலாக்கா காஜா பேராங்கில் ஒரு தையல்கடையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம்; கூடப்பிறந்தவர் இல்லை, மூத்தவர் என்பதால் அக்கா. அக்கா ரப்பர் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். சங்கத்தைத் தடை செய்ததும் தோழர்கள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய்விட, அவர் மட்டும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார் என்று நம்பினேன். என்ன புத்தியோ எனக்கு! அன்று தன் செருப்பு அறுந்துவிட்டதென்று என்னுடையதை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போனது பக்கத்துத் தெருப் பெரிய கிராணி வீட்டுக்கு. தோட்டத்து ஆபீசில் தலைமைக் குமாஸ்தா; தோட்டத்து ஆட்களைப் போலீசுக்கு அடையாளம் காட்டுகிறவர் என்று ஊர் முணுமுணுத்த மனிதர் அவர்.

கூடத்தில் சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம். அக்கா செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். கிராணியைச் சுடப் போகிறவரையும் அந்தப் பழக்கம் விடவில்லை. சுட்டதும் சமையல்கட்டு வழியாக ஓடியவர் முன்வாசலை மறந்துவிட்டார்.

கோயிலுக்குப் போய்த் திரும்பிய கிராணியின் மனைவி, அந்த ஜோடி தங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் போலீஸ் அதைத் தூக்கிக்கொண்டு தையல்கடை தையல்கடையாகத் தேடி எங்கள் கடைக்கு வந்தது. வார் பிரிந்தபோது கடையின் நீல நூலால் நான் தைத்திருந்தேன். அதே நூல்கண்டு என் மிஷின்மேல் இருந்தது. சார்ஜன் அதை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்ற காலம். அக்கா தலை நிமிரவில்லை, தைத்துக்கொண்டே இருந்தார். உண்மையைச் சொல்லுவாரா, என்னைக் காட்டிக் கொடுத்துவிடுவாரா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன்.

தையல் முடிந்தது. நூலை அறுத்தார், துணியை மடித்து வைத்தார்.

"அதப் போட்டுக்கிட்டுப் போனது நான்தான். இந்தப் பிள்ளைக்கு ஒன்னும் தெரியாது."

விலங்கு மாட்டிக் கூட்டிப்போனபோது அக்கா என்னைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. பக்கத்தில் வந்து சற்று நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாகப்போவது அவர், பிழைத்தது நான். ஆனாலும் போலீசைவிட, ஓர் ஆளைச் சுட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்துத்தான் எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.