அறுபத்து மூன்றாம் பிள்ளையின் பக்கம்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு ‘நோண்டி’ என்று பெயர். நாங்கள் எழுதும் புரோகிராமைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. ஆனால் அவள் சோதிக்காதது என்று எதுவுமே கிடையாது. மேசை டிராயரைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். லிஃப்டில் தெரியாத ஆள் ஏறினால் ஒரு மாடி முன்பே இறங்கிவிடுவாள். எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல், பொய் சொல்வானேன்.

அப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்கு இணையதளம் செய்துகொண்டிருந்தோம். பெற்றோர் உள்ளே நுழைந்து பிள்ளையின் பக்கத்தைத் திறந்தால் எந்த பஸ், எந்த ஸ்டாப், எத்தனை மணிக்கு இறங்கும் என்று தெரியும். பக்கத்தின் முகவரியில் முதலில் பெற்றோரின் எண், அதற்கடுத்துப் பிள்ளையின் எண். இந்தப் பிள்ளை இவருடையதுதானா என்று நாங்கள் பயன்படுத்திய, பாதி புரோகிராமை ஆயத்தமாகவே தரும் ஃபிரேம்வொர்க்கே சரிபார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்குத் தெரிந்தது பிள்ளைக்கு ஒரே பெற்றோர் என்ற நேரான உறவு மட்டுமே. இங்கேயோ சித்தி, மாமா, தாத்தா என்று யார் யாரோ பொறுப்பாளர்கள். அதற்காக யார் எந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு என்று நானே தனியாக ஓர் உறவுப் பட்டியல் உண்டாக்கினேன். அந்தப் பட்டியலைப் பார்த்துச் சரிபார் என்று ஃபிரேம்வொர்க்குக்குச் சொல்லிவைத்திருக்க வேண்டும், சொல்லவில்லை. வெள்ளோட்டத்தின் முதல் நாளே ஒரு சித்திக்குப் பக்கம் திறக்கவில்லை. பள்ளியிலிருந்து ஃபோனில் கத்தினார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறி, சரிபார்க்கும் வரியையே எடுத்துவிட்டேன். சித்திக்குத் திறந்துவிட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன், மறந்தே போனேன்.

ஒரு வாரம் கழித்து, மதியம் மூன்று மணி இருக்கும், நோண்டி கூப்பிட்டாள்.

“இங்க வா. இருபதாம் நம்பர் பிள்ளையோட அம்மாவா உள்ள வந்திருக்கேன். இப்ப இருபதை எடுத்துட்டு இருபத்தொண்ணு போடறேன், பாரு.”

யாரோ ஒரு பிள்ளையின் பக்கம் திறந்தது.

“யாரு தாயே வேலை மெனக்கெட்டு நம்பரை மாத்திப் பாக்கப் போறாங்க? உன்னை மாதிரி ஊருக்கு ஒருத்திதான் இருப்பா!”

“இன்னொருத்தர் இருந்தா?” என்றபடி, யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்ற பதிவைப் புரட்டினாள்.

ஓர் அப்பா முதல் நாள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத் திறந்துகொண்டே வந்து அறுபத்து மூன்றில் நின்றிருந்தார். மறுநாளிலிருந்து தினமும் அறுபத்து மூன்று மட்டும். இன்றும்தான்.

அவள் முகம் வெளிறிவிட்டது. “இது எங்க மாமாவோட கணக்கு. அறுபத்து மூணு அக்கா பொண்ணு.”

கணவனான அந்த மாமாவின் அடி தாங்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அந்த அக்கா. மகன் அப்பாவிடம் இருந்தான், அதே பள்ளி. அந்த ஆள் பெண்ணையும் தூக்கிப் போய்விடுவேன் என்று மிரட்டியதால் இரண்டு முறை வீடு மாறியிருந்தாள். பள்ளி வாசலில் வாட்ச்மேன் அவரை விடமாட்டார். பஸ் ஸ்டாப் எது என்பதுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது. பஸ் அங்கே வரும் நேரம் மூன்று இருபது.

அக்கா ஃபோனை எடுக்கவில்லை. நோண்டி பள்ளியை அழைத்தாள். “டிரைவர்கிட்ட சொல்லுங்க, பாப்பாவ அங்க இறக்க வேணாம்! காரணம் அப்புறம் சொல்றேன், முதல்ல சொல்லுங்க!”

மறுபடி மறுபடி அக்காவுக்கு ஃபோன் போட்டாள். மூன்று இருபத்தைந்துக்கு அக்காவே அழைத்தாள்.

“ஸ்டாப்புல அவரு நிக்கறாருடி. பஸ் நிக்காமப் போயிடுச்சு. பாப்பா எங்கடி?”

“பஸ்லதான் இருக்கா, ஸ்கூலுக்குத் திரும்பிடுவா. நீ அவரு கண்ணுல படாம நேரா அங்க போ.”

அந்த உறவுப் பட்டியல் வழியாக மட்டுமே பிள்ளையைத் தேடு என்று நான் அப்போது எழுதிச் சேர்த்தது நான்கே வரி. பத்து நிமிட வேலை. அவள் ஒன்றிலிருந்து ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த மாதமே அக்கா மறுபடி வீடு மாறினாள். பாப்பாவுக்குப் பள்ளியும் மாறியது. குற்ற உணர்ச்சி தாங்காமல் ஒருநாள் நோண்டியிடம், “இப்ப எந்தப் பக்கம் இருக்காங்க?” என்று கேட்டேன்.

அவள் பூட்டிய டிராயரை இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“நீ எதுக்குக் கேக்கற?”