விட்டுப்போன பத்தொன்பது வீடுகள்

பதினோரு வருஷமாக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் அவள் பிழைப்பு. போகிற தெருவிலெல்லாம் அவளுக்குக் கேள்விக்காரி என்றே பெயர். கைக்குழந்தையோடு தத்தளிக்கும் குடும்பங்களுக்கு வாரம் ஒருமுறை ஆள் அனுப்பி, பிள்ளை வளர்ப்பில் கைகொடுக்கும் திட்டம் ஒன்று நடந்தது. அதனால் பலன் உண்டா என்று விசாரித்து எழுத வேண்டியவள் இவள். மொத்தம் நாற்பது வீடுகள்.

மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை. இடுப்பில் பெண் குழந்தை, அதன் நெற்றியில் தழும்பு. தாய் எதைக் கேட்டாலும் "ஆமா" என்றாள்.

"கடைசியா எப்பம்மா வந்தாங்க?"

"உண்மைய சொன்னா பாப்பாவ எடுத்துட்டுப் போயிடுவீங்களாக்கா?"

"அதுக்கு நான் வரல. உள்ளத சொல்லு."

"ரெண்டே தடவ வந்தாங்க. பொம்மைய கையில குடுத்து போட்டோ எடுத்தாங்க, பொம்மைய திரும்ப வாங்கிட்டாங்க. அப்புறம் நானே வேணாம்னு சொன்னதா கையெழுத்தும் வாங்கிட்டாங்க."

அடுத்த கேள்வி, 'இந்த வாரம் பிள்ளையை எத்தனை முறை அடித்தீர்கள்?' அதையும் கேட்டுக் குறித்துக்கொண்டுதான் கிளம்பினாள். தெருவுக்கு வந்ததும் தன் வாயையே கழுவ வேண்டும் போலிருந்தது.

இப்படிப் பத்தொன்பது வீடுகள்.

"பாதியில விட்டவங்கள ஏன் சேர்க்கிறீங்க?" என்றார் திட்ட இயக்குநர். "மிச்சம் இருபத்தியொண்ணுல பதினெட்டு முன்னேற்றம். எவ்வளவு அழகா இருக்கு."

"அவங்க விடல சார். நீங்கதான் விட்டீங்க."

அவர் சிரித்துக்கொண்டே அறிக்கையின் அட்டையை அவள் பக்கம் நகர்த்தினார். பொம்மையோடு அதே குழந்தை. நெற்றியில் தழும்பை மட்டும் துடைத்து எடுத்திருந்தார்கள். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தாள். பக்கத்து மேஜைக்காரர் அவளுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டார்.

நாற்பது வீட்டுத் தாள்களையும், பெயரை மறைத்து, திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்களுக்கு அனுப்பிவைத்தாள். மூன்றே மாதத்தில் திட்டத்தை இழுத்து மூடினார்கள். இயக்குநர் வேறிடத்தில் இதைவிடப் பெரிய நாற்காலிக்குப் போய்விட்டார்.

ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் இன்னொரு தாய் அவளை மறித்தாள். உண்மையிலேயே பலன் கண்ட வீடுகளில் ஒன்று அவளுடையது.

"எங்க வீட்டுக்கு வர்ற அக்கா நின்னுட்டாங்க. அவங்க வந்த பிறகுதான் நான் பிள்ளைமேல கை வைக்கிறத விட்டேன். நீங்க ஏதோ எழுதினீங்களாமே?"

"எழுதினேன். உங்க வீட்டுல நல்லா நடந்ததையும் சேர்த்துத்தான் எழுதினேன்."

"அத யாரும் படிக்கலையா?"

அடுத்த மாதம் வேறொரு திட்டத்துக்குக் கேள்வி கேட்கக் கூப்பிட்டார்கள். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.