கேதத்துக்கு வந்தவர்கள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினோரு வயதில் மைக் செட் கடையில் ஒலிபெருக்கிக் குழாய் தூக்கப் போனேன். இன்று சொந்தமாக இரண்டு ஜெனரேட்டர், முப்பது குழாய், மாடி வீடு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே என் குரலைக் கேட்காத காது கிடையாது. சீசனில் அருவிக்கரைக் கூட்டத்தில் தொலைந்துபோன எத்தனையோ பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் சேர்த்தது இந்தத் தொண்டைதான். நம்பாதவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

அந்தத் தொண்டை அலுத்துப்போனது கொரோனா வந்து ஊரை அடைத்தபோதுதான். கல்யாணம் கிடையாது, கோயில் கொடை விழா கிடையாது. சாரல் அடித்து அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, குளிக்க ஆள் இல்லை. பஞ்சாயத்துத் தலைவர் என்னை ஓர் ஆட்டோவில் ஏற்றித் தினமும் காலையில் ஊரைச் சுற்றவிட்டார். ரேஷன் டோக்கன் இன்று எந்தத் தெருவுக்கு, காய்ச்சல் முகாம் எங்கே, எந்தத் தெருவில் தகரம் அடித்து அடைத்திருக்கிறது, பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி வண்டி எத்தனை மணிக்கு வரும். இதுதான் சேதி. நேற்றுச் சொன்னதைத்தான் இன்றும் சொன்னேன். கதவுகள் திறக்காத தெருவில் பேசிக்கொண்டே போவது, கிணற்றுக்குள் கத்துகிற மாதிரி.

எழுதிக் கொடுத்ததை நான் வாசிப்பதில்லை. எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் ஆட்டோ தெருவைத் தாண்டிவிடும். ஒருதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டால் போதும், மனசில் ஏறிவிடும். கல்யாண அறிவிப்பு, கொடை அறிவிப்பு, சாவு அறிவிப்பு எல்லாம் ஐம்பது வருஷமாக அப்படி ஏறி உட்கார்ந்தவைதான். இந்த ஊரில் நான் அறிவிக்காமல் ஒரு சாவு போனதில்லை. இன்னாருடைய மகன், இன்னாருடைய மருமகன் என்று மைக்கில் சொன்ன பிறகுதான் அது ஊருக்கு நடந்த சாவு. அதுவரை அது அந்த வீட்டுச் சாவு மட்டும்.

அந்தக் காய்கறி வண்டி ஓட்டியவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஊர் முழுக்க அவன் கொண்டுவந்த கத்தரிக்காயைத்தான் தின்றது. ஆனால் அவனைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அவன் வீட்டு முன்னால் தகரம் அடித்த நாளிலிருந்து அந்தத் தெருப்பக்கம் யாரும் தலை திருப்பவில்லை. உள்ளே அவன் பெண்டாட்டியும் மகளும். பத்து நாளில் அவன் போய்விட்டான். உடம்பை ஊருக்குக் கொடுக்கவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அவன் பெண்டாட்டி எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. "ஊருக்குச் சொல்லுங்க அண்ணாச்சி. சொல்லாம விட்டா, அவரு எங்கயோ ஓடிப்போன மாதிரில்லா இருக்கு" என்றாள்.

சாவுச் சேதி எதையும் மைக்கில் சொல்லக்கூடாது, சனங்கள் பயப்படுவார்கள் என்று தலைவர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் நேற்று ஜெயித்து வந்தவர், நான் ஐம்பது வருஷமாக இந்த ஊருக்குப் பேசுகிறவன். அன்று ரேஷன் சேதியை முடித்துவிட்டுச் சாவு அறிவிப்பை ஆரம்பித்தேன். அப்பன் பெயர், மாமனார் பெயர், தெருப் பெயர், ஒன்று விடவில்லை. மனப்பாடமாக வருவது வாய்க்காலில் மடை திறந்த மாதிரி, நடுவில் நிற்காது. அன்னாரின் பூதவுடல் இன்று மாலை நான்கு மணியளவில் அவரது இல்லத்திலிருந்து எடுத்துச் செல்லப்படும், உற்றார் உறவினர் அனைவரும் கலந்துகொள்ள வேண்டும் என்பதுவரை ஓடித்தான் நின்றது. ஆறு தெருவிலும் அதையே சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைக்கவில்லை.

மாலை நான்கு மணிக்குத் தலைவர் போனில் கத்தினார். ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனால், தகரத்துக்கு முன்னால் ஐம்பது பேருக்குக் குறையாமல் நிற்கிறார்கள். ஆண்கள் தோளில் துண்டு, இரண்டு பேர் கையில் மாலை. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, ஒட்டாமல் தள்ளித் தள்ளி நின்றார்கள். பத்து நாளாக அந்தப் பக்கம் பார்க்காத அதே சனம்தான். நோய்க்குப் பயந்து ஒதுங்கலாம். சாவுக் கேதம் என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் முகம் காட்டாமல் இருக்க முடியாது. நாளைக்கு நம் வீட்டுக்கு எவன் வருவான்?

போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். என் மகன் வயசுதான் இருக்கும். அவரும் தூக்கம் கெட்டு அலைகிற ஆள், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணாச்சி, நீங்க கூட்டுன கூட்டம். நீங்களே கலைங்க. இல்லன்னா கேஸு அந்த வீட்டு மேலதான் வரும்."

நான் மைக்கை எடுத்தேன். கூட்டத்தை வரச்சொல்லித்தான் எனக்கு எல்லாம் மனப்பாடம். போகச் சொல்ல ஒன்றும் இல்லை. தடுமாறித் தடுமாறிச் சொன்னேன்: உடம்பு வரவில்லை, அங்கேயே முடித்துவிட்டார்கள், நான் சொன்னது தப்பு, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள். என் வாயால் தப்பு என்று மைக்கில் சொன்னது அதுதான் முதல் தரம்.

அப்போது தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"யாரு யாரு வந்திருக்கா அண்ணாச்சி? எனக்கு ஒரு முகமும் தெரியலியே."

ஒருவரும் அசையவில்லை. நான் போலீஸ்காரரைப் பார்த்தேன். "தம்பி, கால் மணி நேரம் தா" என்றேன். அவர் தலையைக் குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முன்னால் நின்றவரிலிருந்து ஆரம்பித்தேன். மேலத்தெரு டெய்லர் வந்திருக்கிறார் என்று பெயரோடு சொன்னேன். அவர் தகரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடந்தார். பால்பண்ணைக்காரர். அவர் சம்சாரம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகக் கும்பிட்டுப் போனார்கள். கேத வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அதனால் யாரும் வாய் திறக்கவில்லை. மாலைகள் தகரத்தின் மேல் தொங்கின. ஒரு பெயர்கூட நான் மறக்கவில்லை. படித்தவர்கள் பட்டியல் போட்டு வாசித்திருந்தாலும் ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கும்.

கடைசியில் நானும் ஆட்டோக்காரரும் போலீஸ்காரரும்தான் மிச்சம். தொண்டை எரிந்தது. மைக்கை அணைக்கப் போனேன்.

"மாமா." மகளின் குரல். "பெரியப்பா பேரு வரலியே. அம்மா கேக்கா."

செத்தவனின் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவர் வரவில்லை. என்ன பயமோ, எனக்குத் தெரியாது. அவருக்கும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் உண்டு.

போலீஸ்காரர் பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் மைக்கை வாயருகே வைத்து அந்த அண்ணன் பெயரைச் சொன்னேன். தம்பிக்கு மாலையோடு வந்தார், நின்று கும்பிட்டார், முடியாமல் உட்கார்ந்துவிட்டார் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது.

நான் சொன்னது அந்த அண்ணன் வீட்டுக்கும் கேட்டிருக்கும். என் குழாய் அதற்கு மேலும் தூரம் போகும்.