மூன்று வெடி வீட்டுக்காரி

வலக்கையை உயர்த்தாமலே தலை சீவுவார் பிலோமினம்மா. சீப்பு இடக்கையில் இருக்கும்; தலைதான் சாய்ந்து சாய்ந்து அதற்கு வாட்டமாக வரும். கருவாட்டுப் பாயின் முன் குந்தியிருந்து மீன் புரட்டும்போதும் இடக்கைக்குத்தான் வேலை. வலக்கை மடியில் கிடந்து இளைப்பாறும். ஊருக்குப் புதிதாக வந்த மருத்துவிச்சி, "என்னக்கா, வாதமே?" என்று கேட்டுவிட்டாள். பிலோமினம்மா சட்டைக் கழுத்தை விலக்கி, கறுத்துத் தடித்துப் போன தோளைக் காட்டினார்.

"வாதமோ? துவக்கு உதைச்சது, பிள்ளை. வருசத்துக்கு மூண்டு உதை. சந்தியோகுமையோருக்கு நேர்ந்தது."

ஊர்காவற்றுறைக்கு மேற்கே, கடல் வேலிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு கரையில் அவருடைய வீடு. புனிதர் சந்தியோகுமையோர்தான் அந்தக் கரைக்குக் காவல். குதிரையேறி வாளோடு நிற்கிற படைவீரர். ஆடி மாதத் திருநாளில் அவருடைய சொரூபத்தைக் கூட்டில் வைத்துச் சுமந்து வரும்போது, கடலைப் பார்த்து மூன்று வெடி வைக்க வேண்டும். அந்த உரிமை பிலோமினம்மாவின் கணவர் யாக்கோப்பின் வீட்டுக்கு. படைவீரருக்கு வைக்கிற வெடி என்பதால், படைவீரனைப் போலத் தோளில் வைத்தே சுட வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலோ, வேறு வீட்டுக் கை துவக்கில் பட்டாலோ உரிமை போய்விடும். எங்கும் எழுதி வைக்காத சட்டம்தான். ஆனாலும் அந்தக் கரையில் அதை மீறிப் பார்த்தவர் இல்லை.

துவக்கு, ஒரு பழைய இடியன் துப்பாக்கி. குழாயின் வாயால் மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை அடைத்து, கம்பியால் இடித்து இறுக்கி, பொறி கிளப்பும் கேப்பை வைத்துச் சுட வேண்டும். ஈயச் சன்னம் போடாத வெறும் வெடிதானே என்று இளக்காரமாக நினைத்துவிட வேண்டாம். இடிக்க இடிக்கத்தான் சத்தம். சத்தத்துக்கு ஏற்றபடி உதை. துவக்கின் அடிக்கட்டையான சோங்கு தோளில் வந்து மோதும்போது பல்லெல்லாம் ஒருமுறை கிட்டிப் போகும். ஒரு கிழமைக்குச் சரிந்து படுக்க முடியாது. மருந்தைக் குறைத்துப் போடச் சொல்லி யோசனை சொல்ல வந்தவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"குறைச்சுப் போட்டால் அது வெடியே? தும்மல்! காரைநகரிலை பாயோடை கிடக்கிற சீக்காளிக்கும் கேக்க வேணும். கேட்டால்தானே அவன் சிலுவை போடுவான்?"

யாக்கோப்பு சாதுவான மனிதர். அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல் அவருடைய வள்ளத்தையும் வலையையும் ஒரே இரவில் கொண்டுபோனது. அடுத்த திருநாளில் முதல் வெடியை வைத்தவரைத் துவக்கு மல்லாக்கத் தள்ளிவிட்டது. பார்த்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, "இனி இந்தச் சனியனைத் தொடன்" என்று துவக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். பிலோமினம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். மிச்சம் இரண்டையும் தானே வைத்தார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வெடி வைக்கிற நேரத்தில் யாக்கோப்பு குசினிக்குள் போய், அடுப்புக்கு முன்னால் குந்திவிடுவார்.

இந்த உரிமையில் லியோனுக்கு ஒரு கண். லியோன் சம்மாட்டி, அவருடைய வள்ளத்தில்தான் யாக்கோப்பு இப்போது கூலிக்குப் போகிறார். இரட்டைக் குழாய்த் துவக்கு ஒன்று புதிதாக வாங்கி, அதற்கு உறையும் தைத்து வைத்திருக்கிறார்.

"ஏனக்கா தோளைப் பழுதாக்கிறியள்? என்ரை துவக்குப் பஞ்சு மாதிரி. உரிமையை என்னட்டைத் தந்திட்டு ஆறுதலாய் இருங்கோவன்" என்று ஒருநாள் படலையில் நின்று சொன்னார். தேன் ஒழுகுகிற பேச்சு.

பிலோமினம்மா கருவாட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வள்ளம் உன்ரை. வலை உன்ரை. என்ரை மனிசன் விடிய விடியக் கடலிலை கிடந்து பிடிக்கிற மீனும் உன்ரை. நான் ஒண்டும் சொல்லேல்லை. இந்த மூண்டு வெடி என்ரை, தம்பி. போயிட்டு வா."

போன திருநாளில் முதல் வெடி நன்றாகத்தான் போனது. இரண்டாவது வெடித்தபோது அவருடைய காறை எலும்பு முறிந்தது. பக்கத்தில் நின்ற பெண்களுக்கே அந்தச் சத்தம் கேட்டதாம். வலக்கை அப்படியே தொங்கிப் போயிற்று. மூன்றாவதற்கு மருந்து இடிக்க வேண்டும். ஒருவர் குழாயைப் பிடித்தால்தான் ஒரு கையால் இடிக்கலாம். சுமந்தவர்கள் கூட்டோடு நின்றுவிட்டார்கள். மேளமும் நின்றது.

லியோன் ஓடி வந்தார். "ஒரு கையாலை ஏலாது அக்கா. தாங்கோ, நான் பிடிக்கிறன்."

"தொடாதை!"

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. கோயில் மூப்பர் மெல்லக் கிட்ட வந்தார். "விட்டிடு பிள்ளை. சந்தியோகுமையோர் கோவிக்க மாட்டார்."

"அவர் கோவிக்க மாட்டார், மூப்பர். நான் கோவிப்பன்."

துவக்கை முழங்கால்களுக்கு இடையில் நெருக்கிப் பிடித்துப் பார்த்தார். சோங்கு மணலில் வழுக்கியது. நோவில் அவருடைய முகம் வெளுத்து, உதடு கடிபட்டு இரத்தம் கசிந்தது. அந்த நேரத்தில்தான் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சலசலப்பு. மூன்றாவது வெடி கேட்காமல் குசினியில் இருப்புக் கொள்ளாத யாக்கோப்பு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"வந்திட்டியளே? பிடியுங்கோ."

யாக்கோப்பு குழாயைப் பிடித்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் அதைத் தொடுகிறார். "இஞ்சாரும், இந்த ஒருக்கால் மருந்தைக் குறைச்சுப் போடுமன்" என்று காதோடு கெஞ்சினார். பிலோமினம்மா லியோனின் முகத்தைப் பார்த்தார். வழமையான அளவைக் கொட்டினார். பிறகு அதில் பாதியை இன்னொரு தரம் கொட்டினார். தும்பை வைத்து, இடக்கையால் இடித்து இறுக்கினார்.

"தாரும், நான் வைக்கிறன்" என்றார் யாக்கோப்பு. உண்மையாகவே கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பார்த்தபோது பிலோமினம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கொடுக்கவில்லை. "நீங்கள் பின்னுக்கு நில்லுங்கோ. விழுந்தால் பிடியுங்கோ" என்று சொல்லி, சோங்கை இடத்தோளில் பொருத்தினார்.

வெடித்த வெடியில் கோயில் கூரைப் புறாக்கள் அத்தனையும் எழும்பிப் பறந்தன. புருசனும் பெண்சாதியுமாக மணலில் விழுந்தார்கள்; யாக்கோப்பு கீழே, பிலோமினம்மா அவர் மடியில். மேளம் திரும்பவும் தொடங்கியது. கூடு அசைந்து நகர்ந்தது. லியோன் குனிந்து, தூக்கிவிடக் கை கொடுத்தார். பிலோமினம்மா அந்தக் கையைத் திரும்பியும் பார்க்கவில்லை. இருந்த இருப்பிலேயே புகைகிற குழாயின் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"இஞ்சாருங்கோ, இன்னொரு வெடிக்கு மருந்து கிடக்கே?" என்று கேட்டு, துவக்கை முழங்கால்களுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்தார்.