வெள்ளச்சியின் கண்

தவசிமுத்து அண்ணாச்சிக்குப் பொறாமையை மறைக்கத் தெரியாது. பட்டாளத்தில் இருந்த மனுஷர், எதையும் நேராகச் செய்தே பழக்கம். பொறாமையையும் நேராகத்தான் படுவார். சேத்தூரில் எங்களுக்கு எதிர்வீடு. ஓய்வு பெற்று வந்த பிறகு ராஜபாளையத்தில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார். வேலை முடிந்துவிட்டால் அவருக்கு வெள்ளச்சிதான் உலகம். வெள்ளச்சி என்பது அவருடைய நாய். அப்பழுக்கில்லாத வெள்ளை, ரோஜா நிற மூக்கு. எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு நாயைப் பார்க்க வந்தால் முதலில் குனிந்து மூக்கைத்தான் பார்ப்பார்கள். நல்ல சாதி நாயா என்பதை அதை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

அவருக்கு ஆகாதவன் ராம்குமார். தெருக் கடைசி வீட்டு இளவட்டம், நூல் மில்லில் எலெக்ட்ரீஷியன். அவன் அண்ணாச்சிக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. நன்றாகப் போட்டோ எடுப்பான், அதுதான் அவன் செய்த கெடுதல். நாய் வளர்ப்பவர்கள் சங்கம் வருஷாவருஷம் போடும் காலண்டரின் அட்டையில் போன வருஷம் அவன் நாயின் முகம் வந்தது. காதோரம் பழுப்புத் திட்டு உள்ள நாய். ஆனாலும் படத்தில் அதன் இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அப்படி ஒரு துல்லியம். அவர் மனைவி பரிபூரணம் மதினி அந்தக் காலண்டரைக் கூடத்தில் மாட்டினாள். அண்ணாச்சி கழற்றினார். ஏன் என்று கேட்டதற்கு, தேதி சின்னதாக இருக்கிறது என்றார்.

அடுத்த அட்டையில் வெள்ளச்சிதான் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, டிஜிட்டல் கேமராவும் கிட்டத்தில் எடுப்பதற்கென்றே உள்ள மேக்ரோ லென்ஸும் வாங்கி வந்தார். முதல் நாள் லென்ஸை நாயின் முகத்தோடு ஒட்டவைத்து அழுத்தினார். ஃபோகஸ் பிடிக்கவே இல்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டதாகத் திட்டித் தீர்த்தார். கொஞ்சம் விலகி நின்றால்தான் பிடிக்கும் என்று ஒரு வீடியோவைப் பார்த்த பிறகு தெரிந்தது. விலகி நின்று, முகத்துக்கு நேரே, மூக்கில் ஃபோகஸ் வைத்து எடுத்தார். எங்கள் ஊர்க்காரர் வேறு எதில் வைப்பார்? மூக்கின் ஈரம்கூடத் தெரிந்தது. கண் இரண்டும் கலங்கிய குட்டையாகக் கிடந்தன.

சங்கத்துக்காரர்கள் மூக்கைப் பாராட்டினார்கள். பிறகு செல்போனில் ராம்குமார் எடுத்த படத்தைக் காட்டி, கண் இப்படி வர வேண்டும் என்றார்கள். அன்றைக்கு அண்ணாச்சி சாப்பிடவில்லை. அடுத்து கண்ணில் ஃபோகஸ் வைத்தார், மூக்கு கரைந்துபோனது. அது இன்னும் எரிச்சல். ஒரு மாதிரி பிடிவாதத்தோடு திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துத்தான் விஷயம் பிடிபட்டது: கிட்டத்தில் எடுக்கும்போது மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள அரைச் சாணே லென்ஸுக்குப் பெரிய தூரம். பக்கவாட்டில் உட்கார்ந்து, இரண்டும் லென்ஸுக்குச் சம தூரத்தில் வரும்படி வைத்து, அபெர்ச்சர் என்கிற லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி, நாயின் மேல் நல்ல வெயில் விழும்போது எடுத்தால் இரண்டும் சேர்ந்து வரும். அதை அவரே கண்டுபிடித்தார் என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நாய் அசையாமல் நிற்க வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் எல்லாம் கெட்டது. அவரைக் கண்டால் வெள்ளச்சி குதிக்கும், உருளும், லென்ஸை நக்கும். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் மதினி சொன்னாள்:

"ராம்குமார் பைக்க நிப்பாட்டுனா மட்டும் அது செலையாட்டம் நிக்கும். தெனமும் பாக்கேன். அவனச் செத்த நேரம் வரச் சொல்லுங்க."

அண்ணாச்சி காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார். அதன் பிறகு ராம்குமார் மில்லுக்குப் போகிற வழியில் கேட் பக்கம் நின்று வெள்ளச்சியின் கழுத்தைச் சொறிந்துவிட்டுப் போகிறான் என்பது அன்றுதான் அவருக்குத் தெரியும். காலண்டர் பொறாமை சின்னதாகிப் போனது. அவனைக் கூப்பிடவே மாட்டேன் என்றார். சாயங்காலம் நாய்க்கு எதிரே குந்தி உட்கார்ந்து, "அவன்கிட்ட அப்படி என்னட்டி கண்ட?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். வெள்ளச்சி அவர் முகத்தை நக்கியது.

படம் அனுப்பக் கடைசி நாள். லீவு போட்டுவிட்டு, சுவர் நிழலில் ஸ்டாண்டை நிறுத்திக் காத்திருந்தார். நாய் வெயிலில் துள்ளிக்கொண்டிருந்தது. அப்போது பைக் சத்தம். கேட் அருகே ராம்குமார் வந்து நின்றதும் வெள்ளச்சி திரும்பியது, தலையைத் தூக்கியது, அப்படியே நின்றது. அவன் ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டு கையைத் தூக்கினான்.

"எடுங்க அண்ணாச்சி. நான் அசையாம நிக்கேன்."

வேண்டாம், போ என்று சொல்லத்தான் வாய் வந்திருக்கும். ஆனால் மூக்கும் கண்ணும் லென்ஸுக்குச் சம தூரத்தில் இருந்தன, வெயில் சரியாக விழுந்தது. அண்ணாச்சி அழுத்தினார்.

அட்டைப்படம் அதுதான். சங்கத்துக்காரர்கள் மூக்கைப் பார்த்தார்கள், பிறகு கண்ணைப் பார்த்தார்கள், உடனே எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் அண்ணாச்சியின் பெயர். காலண்டர் வந்த அன்று ராம்குமாரும் தன் பிரதியோடு ஓடிவந்தான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம், கள்ளம் ஒன்றும் இல்லை.

"கிட்டத்துல பாத்தீங்களா அண்ணாச்சி? கண்ணுக்குள்ள நான் நிக்கேன். வெள்ளச் சட்டை, தூக்குன கை, பைக் எல்லாம் அம்புட்டு தெளிவா இருக்கு. உங்களத்தான் தேடிப் பாத்தேன், எங்கயும் காணல."

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். வெள்ளச்சியின் கண்ணுக்குள் வானம் இருந்தது, கேட் இருந்தது, ராம்குமார் இருந்தான். அவர் உட்கார்ந்திருந்த பக்கம் வெறும் இருட்டு.

"நான் எடுத்துக்கிட்டு இருந்தேம்லே" என்றார்.

வெள்ளச்சி ராம்குமாரின் முழங்காலில் தலையைச் சாய்த்துக் கிடந்தது. அண்ணாச்சி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது எழுந்திருக்காமல் வாலை மட்டும் ஆட்டியது.